துஷன்பேயில் ஒரு சமாதானம்: தஜிகிஸ்தானில் ஆள்வோரும் எதிர்த்தோரும்



மீன்சுருட்டிக் கடைவீதியில் அஸர் தொழுகைக்குப் பின் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, நம் சகோதரர் ஒருவர் தம் மகனை மருத்துவப் படிப்புக்காகத் தஜிகிஸ்தானுக்கு அனுப்புவது பற்றி யோசனை கேட்டார். கட்டணம், குளிர், உணவு ஆகியவற்றையெல்லாம் முகவரிடம் விசாரித்துவிட்டார். அவர் மனத்தில் மிஞ்சியிருந்தது ஒரே கேள்விதான். "அது முஸ்லிம் நாடுதானே பாய்? பிள்ளை ஜும்ஆவுக்குப் போய்வரத் தடையொன்றும் இராதே?" என்றார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடையளிக்க இயலாத கேள்வி அது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் முஸ்லிம்களாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போலவே ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோராகவும் உள்ள ஒரு நாட்டில், ஜும்ஆவைப் பற்றி ஏன் தயங்கி விடையளிக்க வேண்டியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அந்த மண்ணோடு நமக்குள்ள உறவு புதியதன்று. மாவராவுன் நஹ்ர், அதாவது ஆற்றுக்கு அப்பாலுள்ள நாடு என்று அரபியர் அழைத்த அப்பகுதியிலிருந்துதான் நம் மார்க்கக் கல்வியின் பெரும் பங்கு வந்தது. புகாராவின் இமாம் புகாரி, திர்மிதின் இமாம் திர்மிதி ஆகியோரின் பெயர்களை அறியாத வீடு நம்மிடையே இல்லை. தமிழகத்து ஹனஃபி மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் ஹிதாயா என்னும் சட்டநூலை இயற்றிய புர்ஹானுத்தீன் மர்கீனானி, ஃபர்கானாப் பள்ளத்தாக்கின் மர்கிலானைச் சேர்ந்தவர், 1197இல் மறைந்தார். துஷன்பே மருத்துவப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கும் பெயருக்குரிய அபூ அலீ இப்னு ஸீனா, புகாராவுக்கு அருகே 980இல் பிறந்தவர். நம் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தை இராசேந்திர சோழன் எழுப்பிய காலத்தில் அவர் உயிரோடிருந்தார். அந்தத் தலைநகர் இன்று ஒரு கோயிலும் அகழாய்வுக் குழிகளுமாய்ச் சுருங்கிவிட்டது. இப்னு ஸீனாவைப் பேணிய ஸாமானியப் பேரரசு அதற்கும் முன்னரே மறைந்துபோயிற்று.

இப்போதைய தலைநகரான துஷன்பேயின் பெயருக்குப் பாரசீகத்தில் திங்கட்கிழமை என்று பொருள். திங்கள்தோறும் சந்தை கூடிய சிற்றூர் அது. குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தையைப் போல. சோவியத் ஆட்சியாளர் அதனை நகரமாக்கி, 1929 முதல் 1961 வரை ஸ்டாலினாபாத் என்று அழைத்தனர். 1924இல் மத்திய ஆசியாவைக் குடியரசுகளாகப் பிரித்தபோது, தாஜிக் மொழி பேசுவோரின் பண்பாட்டு நகரங்களான ஸமர்கந்தும் புகாராவும் உஸ்பெகிஸ்தானின் பங்காயின; தாஜிக்குகளுக்கு மலைகளே எஞ்சின. அடுத்து எழுத்தும் மாற்றப்பட்டது. அரபு எழுத்திலிருந்து இலத்தீனுக்கும், 1940இல் அங்கிருந்து ரஷ்ய எழுத்துக்கும் மாறியதில், பாட்டனார் எழுதிவைத்ததைப் பேரன் வாசிக்க இயலாத நிலை ஒரே தலைமுறையில் உண்டாயிற்று. அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு படிக்கத் தெரியாமல் நிற்கும் நமக்கு இவ்விழப்பைப் புரிந்துகொள்வது கடினமன்று. நம்மிடம் எவரும் ஆணையிட்டு அதைப் பறிக்கவில்லை என்பதொன்றே வேறுபாடு.

பின்னாளில் மூண்ட போரைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின் சோவியத் காலத்தின் மற்றொரு செயலை அறிந்திருக்க வேண்டும். தெற்கே வக்ஷ் பள்ளத்தாக்கில் பருத்தி விளைவிக்க ஆட்கள் தேவைப்பட்டனர். கர்ம் முதலிய மலைப்பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இறக்கிக் குடியமர்த்தப்பட்டனர். அவர்களும், குலாப் பகுதியினரும், ஏற்கெனவே அங்கிருந்தவர்களும் அருகருகே வாழ்ந்தனர், கலந்து வாழவில்லை. ஆட்சிக் கட்சியின் உயர் பதவிகளோ வடக்கிலுள்ள லெனினாபாத், அதாவது இன்றைய குஜந்த் பகுதியினரின் கையிலேயே பல்லாண்டுகள் இருந்தன. ஆகவே 1992இல் மூண்ட போரை இஸ்லாத்துக்கும் பொதுவுடைமைக்கும் இடையிலான போர் என்று மட்டும் எழுதுவோர் பாதி உண்மையையே எழுதுகின்றனர். எந்த ஊரார், எந்தப் பள்ளத்தாக்கினர் என்பதே பலரின் உயிரையும் சாவையும் தீர்மானித்தது.

1990 ஜூனில் ரஷ்யாவின் அஸ்திரகானில் சோவியத் நாடு முழுமைக்குமாக இஸ்லாமிய மறுமலர்ச்சிக் கட்சி தொடங்கப்பட்டது. அதன் தாஜிக் கிளை விரைவிலேயே தனித்தியங்கியது. அதன் முதல் தலைவர் முஹம்மது ஷரீஃப் ஹிம்மத்ஸாதா. ஆனால் இயக்கத்தின் உயிர்நாடியாக விளங்கியவர் செய்யித் அப்துல்லாஹ் நூரி. சோவியத் காலத்தில் வீடுகளுக்குள் மறைவாக மார்க்கம் ஓதிக்கொடுத்தமைக்காகச் சிறை சென்றவர். உஸ்தாத் நூரி என்றே மக்கள் அவரை அழைத்தனர்.

1991 செப்டம்பர் 9 அன்று நாடு விடுதலை அறிவித்தது. நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் பழைய கம்யூனிஸ்டுத் தலைவர் ரஹ்மான் நபியேவ் வென்றார். எதிர்க்கட்சிகள் யாரை முன்னிறுத்தின என்பது கவனிக்கத்தக்கது. தவ்லத் குதாநஸரோவ் என்னும் திரைப்பட இயக்குநர்; பாமிர் மலையைச் சேர்ந்த இஸ்மாயீலி முஸ்லிம். அவருக்காக ஹனஃபி ஆலிம்களின் கட்சி வாக்குக் கேட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்குகளை அவர் பெற்றார். அன்றைய எதிரணி மார்க்கவாதிகள் மட்டுமேயான கும்பலாக இருந்ததில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1992 வசந்தத்தில் துஷன்பேயின் இரு சதுக்கங்களில் இரு கூட்டங்கள் அமர்ந்தன. ஷஹீதான் சதுக்கத்தில் எதிரணியினர். ஆஸாதி சதுக்கத்தில் அரசின் ஆதரவாளர். ஒன்றின் பெயர் உயிர்த்தியாகிகளைக் குறிப்பது, மற்றொன்றின் பெயர் விடுதலையைக் குறிப்பது. வாரக்கணக்கில் இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்தவாறு இருந்தன. நபியேவ் தம் ஆதரவாளருக்குத் துப்பாக்கிகளை வழங்கியதும் அமர்வு போராகியது. மே மாதத்தில் எதிரணிக்கு மூன்றில் ஒரு பங்கு இடமளித்துக் கூட்டரசு ஒன்று அமைக்கப்பட்டது. குலாபும் குஜந்தும் அதனை ஏற்கவில்லை. செப்டம்பர் 7 அன்று துஷன்பே விமான நிலையத்தில் எதிரணியைச் சேர்ந்த ஆயுதம் தாங்கியோர் நபியேவை வளைத்துப் பதவி விலகல் கடிதத்தில் ஒப்பமிட வைத்தனர்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிரணியின் மீது அனுதாபம் கொண்டு எழுதுவோர் இந்நிகழ்ச்சியை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். துப்பாக்கி முனையில் பெற்ற ஒப்பம் எவருக்கும் முறையான ஆட்சியுரிமையைத் தருவதில்லை. பிற்காலத்தில் அரசுத் தரப்பு மறுமலர்ச்சிக் கட்சியைக் குற்றஞ்சாட்டும் ஒவ்வொரு முறையும் சுட்டிக்காட்டுவது அந்தச் செப்டம்பர் மாதத்தைத்தான்.

1992 நவம்பரில் நாட்டின் உச்ச மன்றம் போர் நடக்கும் தலைநகரை விட்டுக் குஜந்தில் கூடியது. அதிபர் பதவியையே நீக்கிவிட்டு, மன்றத் தலைவராகக் குலாப் பகுதியின் அரசுப் பண்ணையொன்றில் பணியாற்றியிருந்த, நாற்பது வயதைத் தொட்டிருந்த ஒருவரைத் தேர்ந்தது. அவரே எமாமலி ரஹ்மானோவ். எமாமலி என்பது இமாம் அலீ என்பதன் தாஜிக் ஒலிப்பு. பெயரின் ரஷ்ய விகுதியை அவர் 2007இல் நீக்கி ரஹ்மான் ஆனார். டிசம்பரில் மக்கள் முன்னணி என்னும் படை தலைநகரைக் கைப்பற்றியது. அதன் தளபதியான சங்கக் ஸஃபரோவ், சிறையில் பல்லாண்டுகள் கழித்தவர். அதன் பின் கர்ம் வழியினரும் பாமிரியரும் தெருக்களில் அடையாள அட்டை பார்த்துக் கொல்லப்பட்டனர். வக்ஷ் பள்ளத்தாக்கில் வீடுகள் எரிந்தன. பல்லாயிரக்கணக்கானோர் பனிக்காலத்தில் பஞ்ஜ் ஆற்றைக் கடந்து ஆப்கானிஸ்தானுக்கு ஓடினர். ஆப்கானிஸ்தானுக்கு அடைக்கலம் தேடி மக்கள் ஓடினர் என்பதை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அன்றைய நிலைமை அவ்வாறு. ஏறத்தாழ ஐம்பது லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் இறந்தோர் தொகையை இருபதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை பலவாறாக மதிப்பிடுகின்றனர்.

ஐ.நா. மன்றத்தின் முயற்சியால் 1994 ஏப்ரலில் மாஸ்கோவில் பேச்சு தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் தெஹ்ரானில் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று, மீறப்பட்டது, மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. ரஷ்யா அரசின் பின்னும், ஈரான் எதிரணியின் பின்னும் நின்றன. இரண்டும் சமாதானத்தை விரும்பத் தொடங்கியதற்கு 1996 செப்டம்பரில் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றியது முக்கியக் காரணம். அவ்வாண்டு டிசம்பரில் வட ஆப்கானிஸ்தானில் ரஹ்மானும் நூரியும் நேருக்கு நேர் அமர்ந்தனர். 1997 ஜூன் 27 அன்று மாஸ்கோவில் பொது ஒப்பந்தத்தில் இருவரும் ஒப்பமிட்டனர். ஐ.நா.வின் சார்பில் கெர்ட் மெர்ரெம் உடன் ஒப்பமிட்டார்.

ஒப்பந்தத்தின் சாரம் இது. அரசுப் பதவிகளில் முப்பது விழுக்காடு எதிரணிக்கு. எதிரணிப் போராளிகள் அரசுப் படையில் சேர்க்கப்படுவர். அகதிகள் திரும்புவர். கட்சிகள் மீதான தடை நீங்கும். இரு தரப்பிலும் பதின்மூவர் வீதம் இருபத்தாறு பேர் கொண்ட தேசிய நல்லிணக்க ஆணையம் அமையும். அதன் தலைவர் நூரி. நேற்று வரை தேடப்பட்ட குற்றவாளியாக இருந்தவர் துஷன்பேயில் அலுவலகம் திறந்து அமர்ந்தார். நாட்டின் தலைமைக் காஜியாக இருந்து எதிரணிக்குச் சென்ற அக்பர் துராஜான்ஸாதா முதல் துணைப் பிரதமரானார். 1999 செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பு, மார்க்க அடிப்படையிலான கட்சிகள் இயங்குவதற்கு அரசியல் சாசனத்தில் இடமளித்தது. முன்னைய சோவியத் மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளில் வேறெதிலும் இஸ்லாமியக் கட்சியொன்று சட்டப்படி இயங்கியதில்லை.

எதிரணி இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். மதச்சார்பற்ற அரசு என்னும் சாசனச் சொல்லை அவர்கள் ஏற்றனர். இஸ்லாமிய அரசு அமைப்பது தம் உடனடி நோக்கமன்று என அறிவித்தனர். உடன் போரிட்டவர்களில் சிலர் இதனைத் துரோகம் என்றனர். இங்கே ஹுதைபிய்யாவை நினையாமலிருக்க நம்மால் இயலவில்லை. உடன்படிக்கை ஏட்டிலிருந்து அல்லாஹ்வின் தூதர் என்னும் சொல்லை நீக்க வேண்டும் என ஸுஹைல் பின் அம்ர் வற்புறுத்தியபோது நபி (ஸல்) அவர்கள் இணங்கினார்கள். விலங்கோடு ஓடிவந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்களைக்கூட ஒப்பந்தப்படி திருப்பியனுப்பினார்கள். தோழர்களின் நெஞ்சம் குமுறியது. நூரியின் அணியினர் தம் மக்களுக்கு இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி விளக்கியிருப்பார்களா என்பது நமக்குத் தெரியாது. நமக்கு அது தோன்றுகிறது, அவ்வளவே. ஹுதைபிய்யா உடன்படிக்கையும் பத்தாண்டுகளுக்கென எழுதப்பட்டு, ஏறத்தாழ ஈராண்டில் மறுதரப்பின் கூட்டாளிகளால் முறிக்கப்பட்டது.

துஷன்பேயில் முறிவு அவ்வளவு விரைவாக நேரவில்லை. மெல்ல மெல்ல, சட்டத்தின் வழியாகவே நேர்ந்தது.

2000ஆம் ஆண்டுத் தேர்தலில் அறுபத்து மூன்று இடங்கள் கொண்ட அவையில் மறுமலர்ச்சிக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு. 2005இலும் இரண்டு, 2010இலும் இரண்டு. தேர்தல்கள் நேர்மையாக நடக்கவில்லை என ஒவ்வொரு முறையும் அக்கட்சி முறையிட்டது. ஐரோப்பியப் பார்வையாளர்களும் அவ்வாறே அறிக்கை அளித்தனர். ஆயினும் நூரி தெருவில் இறங்கச் சொல்லவில்லை. மற்றுமொரு போரைத் தாங்க இந்த மக்களால் இயலாது என்பதே அவர் நிலைப்பாடு. முப்பது விழுக்காட்டுப் பதவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சில தளபதிகள் சிறைக்கும், சிலர் கல்லறைக்கும் சென்றனர். 2006 ஆகஸ்டில் நூரி மறைந்தார். அவருக்குப் பின் தலைமையேற்ற முஹ்யித்தீன் கபீரி, மேலை உடையணிந்து, ஐரோப்பியத் தூதர்களோடு சரளமாக உரையாடும் தலைமுறையைச் சேர்ந்தவர்.

அரசுத் தரப்பின் பார்வையை அவர்கள் சொல்லும் விதத்திலேயே எடுத்துரைப்பது நேர்மை. போரில் சிதைந்த நாட்டை ஒன்றுசேர்த்து, ஆப்கானிஸ்தானோடு ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட எல்லையைக் காத்து, பள்ளத்தாக்குகளைச் சாலைகளாலும் சுரங்கப் பாதைகளாலும் இணைத்தது ரஹ்மானின் ஆட்சி. மார்க்கத்தை அரசியலாக்கினால் 1992 திரும்பும். நம் மரபு இமாம் அபூ ஹனீஃபாவின் மரபு; அரபு நாடுகளிலிருந்து வரும் உடையும் சிந்தனையும் நமக்கு அந்நியம். இதுவே அவ்வாதம். 2009ஆம் ஆண்டை இமாமுல் அஃளம் ஆண்டாக அறிவித்துத் துஷன்பேயில் பெரும் மாநாடும் நடத்தினர். 2007இல் திருமண விருந்துக்கு இருநூறு பேருக்கு மேல் அழைக்கலாகாது எனச் சட்டம் இயற்றினர். இதைப் படிக்கையில், கடன் வாங்கி ஆயிரம் பேருக்குப் பிரியாணி போடும் வழக்கத்தால் நொந்துபோன நம்மில் பலருக்கு, இப்படியொரு சட்டம் இங்கும் வந்தால் என்ன என்றே தோன்றும். எமக்கும் தோன்றியது. வீண்விரயத்தை மார்க்கமே கண்டிக்கிறது அல்லவா?

ஆனால் விருந்தினரை எண்ணத் தொடங்கிய அதே கை அங்கேயே நிற்கவில்லை. 2004இல் அரசின் செல்வாக்குக்குட்பட்ட உலமா மன்றம், பெண்கள் பள்ளிவாசலில் தொழுவதற்குத் தடை விதித்து ஃபத்வா அளித்திருந்தது. 2011இல் பெற்றோர் பொறுப்புச் சட்டம் வந்தது. பதினெட்டு வயது நிறையாதோர் ஜனாஸா தவிர்த்துப் பள்ளிவாசலின் தொழுகைகளில் கலந்துகொள்ளலாகாது என்றது. பின்னர் இமாம்கள் அரசிடம் ஊதியமும் சீருடையும் பெறுவோராயினர். 2024 ஜூனில் தேசியப் பண்பாட்டுக்கு அந்நியமான உடைகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் இலக்கு ஹிஜாப் என்பதை அறியாதோர் இல்லை. இவற்றுக்கிடையே, கத்தார் நாட்டின் பொருளுதவியோடு மத்திய ஆசியாவின் மிகப் பெரிய பள்ளிவாசல் துஷன்பேயில் எழும்பி, 2023 ஜூனில் கத்தார் அமீர் முன்னிலையில் திறக்கப்பட்டது.

2015ஆம் ஆண்டில் எல்லாம் முடிந்தது. மார்ச் மாதத் தேர்தலில் மறுமலர்ச்சிக் கட்சிக்கு 1.6 விழுக்காடு வாக்குகளே கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது; ஐந்தாண்டுகளுக்கு முன் எட்டு விழுக்காட்டைத் தாண்டியிருந்த கட்சி அது. கபீரி நாட்டை விட்டு வெளியேறினார். ஆகஸ்டு இறுதியில் கட்சி இயங்கக் கூடாதென நீதி அமைச்சு அறிவித்தது. செப்டம்பர் 4 அன்று துஷன்பேயிலும் அருகிலும் காவலர் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் என அரசு குற்றஞ்சாட்டியது பாதுகாப்புத் துணை அமைச்சர் அப்துல் ஹலீம் நஸர்ஸாதாவை. 1997 ஒப்பந்தத்தின்படி அரசுப் படையில் சேர்க்கப்பட்ட முன்னாள் எதிரணிப் போராளி அவர். சில நாட்களில் மலைப்பகுதியில் கொல்லப்பட்டார். கபீரியின் ஆணைப்படியே இது நடந்தது என்றது அரசு. தமக்கோ கட்சிக்கோ எவ்விதத் தொடர்பும் இல்லை என்றார் கபீரி. செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கட்சியைப் பயங்கரவாத அமைப்பென அறிவித்தது. 2016 ஜூனில், மூடிய அறையில் நடந்த வழக்கின் முடிவில், துணைத் தலைவர்களான ஸைதுமர் ஹுஸைனி, மஹ்மதலி ஹயித் ஆகிய இருவருக்கும் வாழ்நாள் சிறை. அவர்களுக்காக வாதாட முன்வந்த வழக்கறிஞர் புஸுர்க்மெஹ்ர் யோரோவ், தாமே கைதாகி நீண்ட சிறைத்தண்டனை பெற்றார். வாதாட வந்தவரையே சிறையிலிட்ட வழக்கின் தீர்ப்பை நம்மால் ஆதாரமாகக் கொள்ள இயலவில்லை. கபீரியின் மீதான தேடுதல் அறிவிப்பை இன்டர்போல் 2018இல் நீக்கிவிட்டது.

எதிர்காலத்தைப் பற்றி இரு தரப்பும் கூறுவதே நம் கவனத்துக்குரியது. ஒரே காட்சியை இருவரும் நேரெதிராக வாசிக்கின்றனர். இக்கட்சியை ஒழித்ததாலேயே தீவிரவாதம் தடுக்கப்பட்டது என்கிறது அரசு. சட்டத்துக்குட்பட்டுப் பேசிய ஒரே குரலை அடைத்ததால்தான் இளைஞர்கள் இருட்டில் குரல் கொடுப்போரிடம் செல்கின்றனர் என்கிறது, 2018இல் வார்சாவில் பிற குழுக்களோடு சேர்ந்து தேசியக் கூட்டணி அமைத்த நாடுகடந்த எதிரணி. நிகழ்ச்சிகள் யார் பக்கம் சாய்கின்றன? 2015 மே மாதத்தில் ஐஎஸ் கூட்டத்தில் சேர்ந்துவிட்டதாகக் காணொளியில் தோன்றிய குல்முராத் ஹலீமோவ் எந்தக் கட்சியிலும் இருந்தவரல்லர். அமெரிக்கப் பயிற்சி பெற்ற, அரசின் சிறப்புக் காவற்படைத் தளபதி. கட்சி ஒழிக்கப்பட்டு எட்டாண்டுகள் கடந்தபின், 2024 மார்ச்சில் மாஸ்கோ அருகே குரோகஸ் அரங்கில் நடந்த படுகொலையின் முதன்மைக் குற்றவாளிகளெனப் பிடிக்கப்பட்டோர் தஜிகிஸ்தான் குடிமக்கள். தடை காப்பாற்றும் என்னும் வாதத்துக்கு இவை துணை நிற்கவில்லை என்பதே எம் கணிப்பு. அதேபோல், கட்சி இருந்திருந்தால் இவை நடந்திரா என்று எதிரணியால் மெய்ப்பிக்கவும் இயலாது.

அவ்விளைஞர்கள் ரஷ்யாவில் இருந்ததற்குக் காரணம் வேலை. வளைகுடாவுக்குச் செல்லும் நம் பிள்ளைகளைப் போல அந்நாட்டு ஆண்கள் இலட்சக்கணக்கில் மாஸ்கோவுக்கும் பிற நகரங்களுக்கும் கட்டட வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணம் சில ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் நாற்பது விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. ஊரில் அத்தா இல்லாத வீடு, பள்ளிவாசலுக்குச் செல்ல அனுமதியில்லாத சிறுவன், பதினெட்டு வயதில் அயல்நாட்டுத் தொழிலாளர் விடுதி. மார்க்கத்தை அவன் முதன்முதலாக யாரிடம் கேட்டறிவான்? பெரும்பாலும் கைபேசியிடம்.

இதையெல்லாம் எழுதும்போது நம் மாகாணத்தின் பழைய நிகழ்ச்சியொன்று நினைவில் எழுகிறது. 1946 தேர்தலுக்குப் பின் சென்னை சட்டமன்றத்தில் முஸ்லிம் லீக் எதிர்க்கட்சியாக அமர்ந்தது. அதன் தலைவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப். பிரிவினைக்குப் பின் அக்கட்சியைக் கலைத்துவிடுமாறு எல்லாத் திசைகளிலிருந்தும் நெருக்கடி வந்தது. அன்பர்களிடமிருந்தே வந்தது. 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடி, கலைப்பதில்லை என முடிவு செய்து இந்திய யூனியன் முஸ்லிம் லீகை அமைத்தனர். மூன்று வாரங்கள் கழித்து, ஏப்ரல் 3 அன்று, வகுப்பு அடிப்படையிலான அமைப்புகளுக்கு அரசியலில் இடமிருக்கலாகாது என்னும் தீர்மானம் தில்லியில் அரசியல் நிர்ணய சபையில் நிறைவேறியது. அதனை முன்மொழிந்தவர் நம் மாகாணத்தைச் சேர்ந்த அனந்தசயனம் ஐயங்கார். அத்தீர்மானம் சட்டமாகவில்லை. காயிதே மில்லத் அதே சபையில் அமர்ந்து, 1949இல் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி வேண்டும் என வாதாடினார். பின்னர் மாநிலங்களவைக்கும், மஞ்சேரியிலிருந்து மூன்று முறை மக்களவைக்கும் சென்றார். அவர் கருத்துகளை ஏற்காதோர் நம்மிலேயே பலர் உண்டு. ஆனால் அவர் அவையில் நின்று பேசினார். மறுத்தவர் அவையில் நின்று மறுத்தார். நூரியும் கபீரியும் வேண்டியது இதைவிட அதிகமன்று.

2015 டிசம்பரில் ரஹ்மானுக்குச் சட்டப்படி ஒரு பட்டம் வழங்கப்பட்டது. அமைதிக்கும் தேசிய ஒற்றுமைக்கும் அடித்தளமிட்டவர், நாட்டின் தலைவர் என்பது அது. 2016 மே மாதப் பொதுவாக்கெடுப்பு அவருக்கு மட்டும் பதவிக்கால வரம்பை நீக்கியது. மார்க்க அடிப்படையிலான கட்சிகளைச் சாசனத்திலேயே தடை செய்தது. அதிபராவதற்கான வயதை முப்பத்தைந்திலிருந்து முப்பதாகக் குறைத்தது. அவர் மகன் ருஸ்தம் எமாமலி 2017 முதல் துஷன்பே மேயர். 2020 முதல் மேலவைத் தலைவரும் அவரே. அவ்வாண்டுத் தேர்தலில் தந்தை தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றார். பதவிக்காலம் ஏழாண்டுகள்.

கடைவீதியில் கேட்ட சகோதரரிடம் நாம் சொன்னது சுருக்கமானது. ஜும்ஆ உண்டு, பள்ளிவாசல்கள் அழகானவை, பல்கலைக்கழகத்தின் பெயர் நம் இப்னு ஸீனாவின் பெயர். பிள்ளை தாடி வளர்ப்பதானால் முன்னரே விசாரித்துக்கொள்ளட்டும், தெரியாதவர் வீட்டு மார்க்க வகுப்புக்கு எவர் அழைத்தாலும் செல்ல வேண்டாம், அரசியல் பேச வேண்டாம் என்றோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "விடுமுறைக்கு எந்த மாதம் வருவான்?" என்று கேட்டார்.

கோடையில் வருவான். ஜூன் 27 அந்நாட்டில் பொது விடுமுறை. தேசிய ஒற்றுமை நாள். மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தான நாளின் நினைவாக ஆண்டுதோறும் கொண்டாடுகின்றனர். ஒப்பமிட்ட இருவரில் ஒருவரின் படம் அன்று நகரெங்கும் இருக்கும். மற்றவரின் கட்சிக்கு ஆதரவாளன் என்று சொல்லிக்கொள்வது அங்கே சிறைக்குரிய குற்றம்.